ரெட்டைப் பழத்தின் மேல் விழுந்த பழி

ஸ்கேன் அறைக்குள் நான் சிரிக்க மாட்டேன். வெளியே என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். ஆனால் கர்ப்பிணியின் வயிற்றில் ஜெல்லைத் தடவிவிட்டேன் என்றால் என் மூஞ்சி உரல் மாதிரி ஆகிவிடும். அது நானாகப் பழக்கிக்கொண்டது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம். சுவரில் பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறோம். போர்டு என் வாயைக் கட்டியதே தவிர மூஞ்சியைக் கட்டவில்லை. எனவே சுற்று வட்டாரத்து மாமியார்கள் எல்லோரும் என் மூஞ்சியைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

டாக்டர் சிரித்தால் பையன், உம்மென்று இருந்தால் பொண்ணு என்பது பொதுவான பாடம். அதற்கு மேல் உட்பிரிவுகள் உண்டு. “நல்லா சாப்பிடும்மா” என்றால் பையனாம். “இரும்புச் சத்து மாத்திரையை விடாதே” என்றால் பொண்ணாம். வையம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள், ஜெல்லைத் துடைக்க நான் எந்தக் கையால் துணியை எடுத்துக் கொடுத்தேன் என்று மருமகளைக் குறுக்கு விசாரணை செய்ததை என் காதாலேயே கேட்டேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி எல்லோருக்கும் ஒரே மூஞ்சி என்று. அது வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, “ஆத்துலயுமா இந்த மூஞ்சி? குழம்பு நன்னாருக்கா இல்லையான்னு சொல்றதுக்குக் கூடவா சட்டம் தடை போட்டிருக்கு?” என்று கேட்பார்.

அந்தப் பெண் வந்த நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கணவர் சவுதியில் ஏ.சி. மெக்கானிக். பி.காம். படித்த, அதிகம் பேசாத பெண். அவளுக்கும் சேர்த்துப் பேச மாமியார் கூட வந்திருந்தார். ஐந்தாம் மாதம். வேறொரு இடத்தில் முன்பு எடுத்த ஸ்கேனில் இரட்டைக் குழந்தை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். உறுப்புகள் எல்லாம் சரியாக வளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மாமியாரை ஹாலில் உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்ணை மட்டும் உள்ளே அழைத்தேன்.

திரையில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரே உயரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி. இரட்டைக் குழந்தைகள் பொதுவாக அப்படி ஒழுங்காக இருக்க மாட்டார்கள். ஒருவர் மேலே பார்த்தால் இன்னொருவர் கீழே பார்ப்பார். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், அதைத் தேடினேன், இல்லை. வயிற்றை லேசாக அமுக்கினேன். ஒரு குழந்தை நகர்ந்தது, கூடவே மற்றதும் நகர்ந்தது. நெஞ்சுக்குக் கீழே ஒரு குழந்தையின் தோல் முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. நேரே அடுத்த குழந்தைக்குள் போய்விட்டது. மாணவியாக இருந்தபோது ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்திருக்கிறேன், அதுவும் அடுத்தவர் எடுத்த படத்தில். மறுபடி மறுபடி பார்த்தேன். எத்தனை கோணத்தில் பார்த்தாலும் இரண்டும் ஒட்டித்தான் இருந்தன.

கருவியை வயிற்றிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூஞ்சி மட்டும் உரலாகவே இருந்தது.

“என்னாச்சுங்க டாக்டர்?” என்று அந்தப் பெண் கேட்டாள். “மாமி வரட்டுங்களா?”

வரட்டும் என்றேன். கதவைத் திறந்து மாமியார் உள்ளே வந்தார். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

“டாக்டரம்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சட்டம் எனக்கும் தெரியும். கதவுக் கண்ணாடி வழியா உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் இருந்தேன். ரெண்டும் பொட்டப்புள்ளதானே? அதுக்குப் போயி ஏன் இப்படி இடிஞ்சு உக்காந்திருக்கீங்க? நான் பெத்தது அத்தனையும் ஆம்பளப் பசங்க. பாவாடை சட்டை தைக்க ஆள் இல்லாம காஞ்சு கெடக்கு எங்க வீடு. மவனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், அவன் அங்கே குதிக்கிறான். எடுத்துக்குங்க.”

நான் வேண்டாம் என்பதற்குள் என் உள்ளங்கையில் ஒரு லட்டை வைத்துவிட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கும், ஹாலில் காத்திருந்த யார் யாருக்கோ எல்லாம் ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்தார். ஜெல் பிசுபிசுக்கிற ஒரு கை, லட்டு பிசுபிசுக்கிற இன்னொரு கை. அப்படி உட்கார்ந்துகொண்டுதான் அந்தச் செய்தியை நான் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான லட்டை நான் பிடித்ததில்லை.

எளிதாகச் சொல்ல எவ்வளவோ முயன்றேன். இரண்டு குழந்தைகளும் ஒரே கருவிலிருந்து வந்தவை, பிரிய வேண்டிய நேரத்தில் முழுசாகப் பிரியவில்லை, வயிற்றுப் பக்கம் ஒட்டியிருக்கின்றன என்றேன். மாமியார் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். பேசாத அந்தப் பெண்தான் கேட்டாள்.

“ரெண்டு பேருக்கும் இதயம் தனித்தனியா இருக்குங்களா?”

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஒட்டியிருப்பது தோலும் கல்லீரலும் மட்டும் என்றால் பிறந்த பிறகு பிரிக்க வழி இருக்கிறது. இருவருக்கும் சேர்த்து ஒரே இதயம் என்றால் அநேகமாக வழி இல்லை. இன்றைக்குக் குழந்தைகள் இருக்கும் வாக்கில் நெஞ்சு சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் வளரட்டும், பத்து நாள் கழித்து வந்தால் பார்த்துவிடலாம் என்றேன். இந்த நிலையில் கர்ப்பம் வேண்டாம் என்று முடிவெடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு, அப்படி முடிவெடுத்தால் அது பாவமும் இல்லை தப்பும் இல்லை என்பதையும் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். தலையாட்டினாள். “இதயத்தைப் பாத்துட்டு முடிவு பண்றேங்க” என்றாள்.

பத்து நாள் கழித்து வந்தபோது மாமியார் பாதியாகியிருந்தார். மருமகள் உள்ளே படுத்திருக்க, என்னைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

“டாக்டரம்மா, இதுக்கெல்லாம் காரணம் நாந்தான்.”

“என்னங்க சொல்றீங்க?”

“நாலாம் மாசம் காந்தி மார்க்கெட்டுல வாங்குன சீப்புல ஒரு ரெட்டைப் பழம் இருந்துச்சு. ஒட்டுப்பழம். இவதான் பசிக்குதுன்னா. நானும் அவசரத்துல பாக்காம பிச்சுக் குடுத்துட்டேன். என் நாத்தனா வந்து கேட்டா, ரெட்டைப் பழம் தின்னா புள்ள ஒட்டும்னு ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதான்னு. பழத்தப் பத்தி மவன்கிட்ட இன்னும் சொல்லலை.”

எனக்குக் கோபம் வந்தால் நிதானமே இருக்காது. அந்த நாத்தனார் அங்கே இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இல்லாததால் மாமியாரையே பிடித்துக்கொண்டேன். குழந்தை ஒட்டுவதும் பிரிவதும் முதல் இரண்டு வாரத்துக்குள் முடிந்துபோகிற சங்கதி, அப்போது இவள் உண்டாகியிருப்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது, நாலாம் மாசத்து வாழைப்பழம் என்ன செய்யும் என்று கத்தினேன். “பழத்தால புள்ள ஒட்டும்னா, இந்தக் காவேரிக்கரையில பாதிப் பேர் ஒட்டிக்கிட்டுத்தான் திரியணும்!”

தலையைத் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

ஸ்கேனும் அன்றைக்குச் சண்டித்தனம் செய்தது. எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் இரண்டு குழந்தைகளும் ஆளுக்கொரு முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, கைகளை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு தூங்கின. ஒரு இதயம் தெரிகிற மாதிரி இருந்தது. இரண்டாவதாகத் தெரிந்தது தனி இதயமா, அதே இதயத்தின் மறுபக்கமா என்று சத்தியம் செய்ய முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் தாயை நடக்கவிட்டு, இனிப்பாக எதையாவது சாப்பிடச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். “எழுந்திரும்மா, போய் நடந்துட்டு வருவோம்” என்றேன். வழக்கமாக நான் கூடப் போக மாட்டேன். அன்றைக்கு மாமியாரையும் இழுத்துக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன்.

கடை வாசலில் பூவன் தார் தொங்கியது. ஒவ்வொரு சீப்பாகத் தடவித் தேடினேன். மேலே ஒன்று இருந்தது, நல்ல கொழுத்த ரெட்டைப் பழம்.

“அதைப் பிச்சுக் குடுங்க” என்றேன்.

கடைக்காரர் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அது வேணாங்க. மாசமா இருக்கிற புள்ள நிக்குது. ரஸ்தாளி தரேன்” என்றார்.

“எனக்குத்தாங்க.”

“நீங்க திங்கறத அது பாக்கும்ல?”

பார்ப்பதற்கும் தடை உண்டு என்பது எனக்கே புதுச் செய்தி. ஒரு வழியாகப் பழத்தை வாங்கினேன். நடுத் தெருவில் டாக்டர் கோட்டோடு நின்று உரித்தேன். ஒரு தோலுக்குள் இரண்டு பழம் அழகாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது. பாதியை நான் சாப்பிட்டேன். மீதியை அந்தப் பெண் என் கையிலிருந்து பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

“யா அல்லா!” என்றார் மாமியார்.

“விடுங்க மாமி. ஏற்கெனவே ஒட்டுனது இன்னும் என்ன ஒட்டப்போகுது?” என்று சொல்லிவிட்டு, அந்த ஐந்து மாதத்தில் முதல் தடவையோ என்னவோ, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமியாருக்கும் தொற்றிக்கொண்டது. கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பி வந்து படுக்கவைத்தேன். பழத்தின் சர்க்கரையோ, நடந்த நடையோ, சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியதோ தெரியாது, குழந்தைகள் முழித்திருந்தார்கள். இருவருமாகச் சேர்ந்து கொஞ்சம் புரண்டு கொடுத்தார்கள். விலா எலும்புகளின் இடுக்கு வழியாக முதல் இதயம் தெரிந்தது. நான்கு அறைகளும் சரியாக இருந்தன. வயிற்றின் மேலிருந்த ப்ரோபை மெல்ல நகர்த்தினேன். இன்னொன்று. அதிலும் நான்கு அறைகள். ஒன்றையே இரண்டு தரம் பார்க்கிறேனோ என்ற சந்தேகம் போகவில்லை. ஆகவே இரண்டின் துடிப்பையும் தனித்தனியாக எடுத்து ஒலிக்கவிட்டேன். ஒன்று சென்னை போகிற எக்ஸ்பிரஸ், இன்னொன்று லால்குடி பாசஞ்சர். ஒரே இதயம் இரண்டு வேகத்தில் ஓட முடியாது.

நான் சிரித்துவிட்டேன். சின்னப் புன்னகையெல்லாம் இல்லை, அறை அதிர ஒரு சிரிப்பு.

கதவு படாரென்று திறந்தது. “என்னங்க டாக்டரம்மா, சிரிக்கிறீங்க? அப்போ ரெண்டும் பையனா?”

“அதைச் சொன்னா என்னை உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. இதயம்ங்க! ரெண்டு இதயம். தனித்தனியா. இங்க வந்து கேளுங்க.”

மாமியார் கேட்டார். முதல் துடிப்பை ஒரு தரம், இரண்டாவதை ஒரு தரம், மறுபடியும் முதலாவதை. அப்புறம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வெளியே போய் மகனுக்குப் போன் போட்டார். ஸ்கேன் அறைக்குள் போனுக்கு அனுமதி இல்லை என்பதால் மூன்று பேருமாக மாடிப்படியில் நின்று பேசினோம். நல்ல செய்தியோடு சேர்த்துக் கெட்டதையும் நான் சொல்லியாக வேண்டும். கல்லீரல் ஒன்றாக இருக்கிறது, பிரிக்கும்போது ரத்தப்போக்கு இருக்கும், ஒன்றையோ இரண்டையுமோ இழக்க நேரிடலாம் என்றேன். சவுதியில் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவர், “நீ என்ன நினைக்கிற?” என்று மனைவியைக் கேட்டார்.

“ரெண்டு பேரு இருக்காங்கங்க. பெத்துக்குவோம்” என்றாள் அவள்.

அதற்குப் பின் காரியங்கள் மளமளவென்று நடந்தன. குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினேன். எதற்கும் பதறாத மனிதர், ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் சாப்பாட்டைப் பற்றியே பேசுவார். எல்லாமே இரண்டு செட் வேண்டும் என்றார். இரண்டு மயக்க மருந்து டாக்டர், இரண்டு கூட்டம் நர்சுகள், இரண்டு மெஷின். ஒரு குழந்தையின் ஆட்களுக்குப் பச்சைத் தொப்பி, மற்றதின் ஆட்களுக்கு மஞ்சள் தொப்பி. அவசரத்தில் ஒன்றின் மருந்து மற்றதற்குப் போய்விடக் கூடாதாம். வலி வருவதற்கு முன்பே நாள் பார்த்து சிசேரியன் செய்தார்கள். எனக்கு அங்கே வேலையே இல்லை, இருந்தும் போய் ஓரமாக நின்றேன். முதலில் ஒரு அழுகை கேட்டது. மூச்சு விடும் நேரத்துக்குப் பிறகு, வேறு சுதியில், இன்னொன்று.

இரண்டும் பெண். வார்டு முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டே போன மாமியார், “அன்னைக்கே டாக்டரம்மா மூஞ்சியில படிச்சிட்டேன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். சட்டத்திலிருந்து என்னை யார் காப்பாற்றுவது?

எடை ஏறும் வரை காத்திருக்க வேண்டும் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். அந்த மாதங்களை அந்த வீடு சமாளித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் மலைப்புமாக வருகிறது. இருவருக்கும் சேர்த்துத் தைத்த ஒரே சட்டை, இரண்டு கழுத்து, நாலு கை. மாமியாரே டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து தைக்க வைத்தது. ஒருத்தி தூங்கும்போது மற்றவள் பால் கேட்பாள். ஒருத்தியைத் தூக்கினால் மற்றவளும் வந்தாக வேண்டும். அப்பா லீவு போட்டு வந்துவிட்டார், ஆனால் குழந்தைகள் மனைவி மடியில் இருந்தால் அவர் கை காலி. அவர் வாங்கிக்கொண்டால் இவள் கை காலி. “ரெண்டு புள்ள பெத்தும் எனக்கு ஒண்ணும் மிஞ்சல” என்று என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். குரல் வேடிக்கையாக இல்லை.

ஆபரேஷன் அன்றைக்கு என்னால் ஒரு ஸ்கேன் கூட எடுக்க முடியவில்லை. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கையில், துஆவை எண்ணிச் சொல்லும் தஸ்பீஹ் மணிமாலை உருண்டுகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் போன் செய்து, ரங்கநாதர் சந்நிதியில் நின்று சேவித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அதை மாமியாரிடம் சொன்னேன். “கும்பிடட்டும், கும்பிடட்டும். இன்னொரு தடவ போனாலும் சரி” என்றார், மணியை நிறுத்தாமல். மதியம் தாண்டியது. சாப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் கணவர் அவளுடைய கைப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்குக் கேட்ட அந்த இரண்டு துடிப்பில் ஒன்று குறைந்து வெளியே வந்தால், பெத்துக்குவோம் என்று சொன்னவளை நான் எப்படிப் பார்ப்பேன் என்ற பயம்.

டாக்டர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பச்சைத் தொப்பியும் ஒரு மஞ்சள் தொப்பியும் வந்தன.

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. எனக்குத்தான் பசி உயிர் போகுது” என்றார்.

அதற்குப் பிறகும் குழாய்கள், காய்ச்சல், கட்டு மாற்றுவது என்று பயந்த நாட்கள் போயின. கல்லீரல் ஒழுங்காக ஆறுகிறதா என்று பார்க்க ஒரு காலை நேரம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனேன். ஒருத்தியின் கல்லீரலைப் பார்த்தேன், பிறகு மற்றவளுடையதை. இரண்டும் சுத்தமாக இருந்தன. “இனிமே தூக்கலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நர்ஸ் ஒரு குழந்தையை அம்மாவின் மடியில் வைத்தாள். இன்னொருத்தியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்ட விதமே தப்பு. இரண்டு பேரைத் தூக்கும் அகலத்துக்குக் கையை விரித்து வைத்திருந்தார். நர்ஸ்தான் கையைச் சேர்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. குழந்தையின் முகத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வார்டு வாசலுக்குப் போய், அதையும் தாண்டி வராந்தாவில் இறங்கிவிட்டார்.

“எங்கங்க போறீங்க?” என்று கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்.

“எங்கயும் இல்ல. எவ்வளவு தூரம் போக முடியுதுன்னு பாக்குறேன்.”

அவள் மடியில் இருந்தவளைக் குனிந்து பார்த்தாள். குழந்தை தன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

“இன்னும் போங்க” என்றாள் அவள்.

அவர் வராந்தாவின் கோடியில் இருந்த ஜன்னல் வரைக்கும் போனார்.